யாருடைய கோப்பு, யார் கையில் சாவி

(கோச்சடையில் துப்புரவுத் தொழிலாளர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன சில விவரங்கள் எழுதும்போது சேர்க்கப்பட்டன.)



கவிதை வாசிக்கத்தான் என்னை அழைத்தார்கள். கவிதை இன்னொரு நாளைக்கு இருக்கட்டும், காகிதத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முன்வரிசைத் தம்பிகள் முகம் சுருங்குவது தெரிகிறது. ஈ.எஸ்.ஐ., பி.எஃப்., மெடிக்கல் சர்டிபிகேட் என்று ஆரம்பித்தால் இது விடுதலைப் பேச்சா, யூனியன் ஆபீஸ் அறிவிப்புப் பலகையா என்றுதான் தோன்றும். பொறுங்கள். நம் ஆள் செத்தபிறகும் அவன் உடம்பு ஒரு கோப்புக்குள் கிடக்கிறது. அந்தக் கோப்பு யார் பீரோவில் இருக்கிறது, அதை யார் பிரித்துப் படிக்கிறார்கள், யாருக்கு அது மறுக்கப்படுகிறது என்பதைப் பேசத்தான் வந்தேன்.

1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்து பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார் அம்பேத்கர். பியூன்கள் கோப்புகளை அவர் மேசையில் வைக்கவில்லை. தூரத்தில் நின்று வீசினார்கள். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது, எல்லாரும் படித்திருப்பீர்கள். எனக்கு யாரும் கோப்பை வீசுவதில்லை. கையில் கொடுக்கிறார்கள், சில சமயம் 'சார்' கூடப் போடுகிறார்கள். அந்த நாற்காலி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் செய்த தப்பை முதலில் சொல்லவேண்டியிருக்கிறது.

எந்த வங்கி, எந்தக் கிளை என்பது வேண்டாம். சில வருஷத்துக்கு முன்னால் நடந்தது. கூட்டிப் பெருக்க, கக்கூஸ் கழுவ ஒரு அக்கா வருவார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பேசுகிறேன். பேரும் தெருவும் சொல்லமாட்டேன். வங்கிகளில் பகுதிநேரத் துப்புரவாளர் என்று ஒரு பதவி உண்டு. மூன்றில் ஒரு பங்கு சம்பளம், பாதிச் சம்பளம், முக்கால் சம்பளம் என்று இருதரப்பு ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். கால் மனுசன், அரை மனுசன் கணக்கு என்று நாங்கள் கேலி பேசுவோம். அக்கா அந்த அரைக் கணக்கிலும் இல்லை. ஏஜென்சி ஆள். மாதாமாதம் சூப்பர்வைசர் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பார். சீட்டு கிடையாது.

அக்காவுக்கு இருமல் வந்தது. ஒரு மாதம் மிளகு ரசத்தில் ஓடியது. பிறகு ஆஸ்டின்பட்டி நெஞ்சக மருத்துவமனைக்குப் போனார், காசநோய் என்று தெரிந்தது. மருந்து ஆரம்பித்தார்கள். இருபது நாள் வரவில்லை. திரும்பி வந்தபோது டாக்டர் கொடுத்த காகிதத்தை என்னிடம் நீட்டினார். "தம்பி, இத ஏஜென்சிக்காரவுகள்ட்ட குடுத்துருங்க. எனக்கு அவுகளப் புடிக்க முடியல." நான் வாங்கினேன். அன்றைக்கு மாதத்தின் முதல் வாரம், பென்ஷன்காரர்கள் கூட்டம். எங்கே வைப்பது என்று யோசிக்கக்கூட இல்லை. சூப்பர்வைசர் வந்தால் கண்ணில் படட்டும் என்று வருகைப் பதிவேட்டிலேயே கிளிப் போட்டு வைத்துவிட்டுக் கவுண்டருக்குப் போய்விட்டேன்.

வருகைப் பதிவேடு என்றால் என்ன? ஆபீஸில் இருக்கிற அத்தனை பேரும் காலையில் குனிந்து கையெழுத்துப் போடுகிற இடம்.

மறுநாள் காலை அக்காவின் நுரையீரலைக் கிளையே படித்துவிட்டது. பத்தரை மணி டீக்கு அக்காவுக்கு மட்டும் பேப்பர் கப். அது நாள்வரை எல்லாருடைய எவர்சில்வர் டம்ளரையும் கழுவி அடுக்கியவர் அவர்தான். அதில் ஒன்றில்தான் அவரும் குடிப்பார். யாரும் திட்டவில்லை, யாரும் சாதி பேரைச் சொல்லவில்லை. "இன்ஃபெக்‌ஷன் சார், நம்ம சேஃப்டிக்குத்தான்" என்றார் ஒருவர். உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ டீக்கடையில் இரண்டு டம்ளர் வைத்தால் நாம் படம் எடுத்து மனு கொடுப்போம். இங்கே ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் அந்த வேலையை இரண்டாம் மாடியில், ஏ.சி.யில், பத்து நிமிஷத்தில் செய்துவிட்டது. நல்ல மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்தில் தொற்றும் தன்மை அடங்கிவிடும் என்று எந்த டாக்டரும் சொல்வார். அதற்குப் பிறகு வந்தவர்தான் அக்கா. அதை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை, அவர்களுக்கு ரொம்ப நாளாக வேண்டியிருந்த ஒரு காரணம் கையில் கிடைத்துவிட்டது.

எச்சிலுக்கும் தீட்டுக்கும் உள்ள சம்பந்தம் பழசு. பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களை விடவில்லை. நூல் அறுந்தால் வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்கவேண்டும், ஒருவர் வாய்வைத்த நாடாவில் மற்றவர் வாய்வைக்கவேண்டும். கூலி அதிகமான பிரிவு அது. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தக் கேள்வியை எழுப்பினார். தொழிற்சங்கத் தோழர்களுக்கு அது சங்கடமாக இருந்தது என்பது தனிக் கதை.

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 1970ஆம் ஆண்டு வங்கித் தேசியமயச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. வாடிக்கையாளர் விவகாரங்களை வெளியே சொல்லமாட்டேன், விசுவாசமும் ரகசியமும் காப்பேன் என்று ஒவ்வொரு ஊழியரும் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகமுடியும். இன்றுவரை அதைக் காப்பாற்றியிருக்கிறேன். யார் கணக்கில் எத்தனை லட்சம், எவர் நகை ஏலத்துக்கு வந்தது என்று என் மனைவிக்குக்கூடத் தெரியாது. பணத்துக்கு இவ்வளவு காபந்து பண்ணுகிறவன் ஒரு மனுசியின் நோயைப் பதிவேட்டில் கிளிப் போட்டு மாட்டினேன். அதுவும் நம்ம சனம். அவர் வேறு சாதியாக இருந்து, அதிகாரியாகவும் இருந்திருந்தால் அந்தக் காகிதத்தை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டுபோய் மேனேஜர் மேசையில் வைத்திருப்பேனா மாட்டேனா? வைத்திருப்பேன். அதைத்தான் ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று அப்புறம்தான் தெரிந்தது. அக்கா ஈ.எஸ்.ஐ.யில் இருந்தார். நாலு வருஷமாகச் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். அவருக்கே தெரியாது. நம்பர் தெரியாது, அட்டை இல்லை. தேடிப் பிடித்தபோது பேர் ஒரு எழுத்து மாறியிருந்தது. பதிவில் இருந்த செல்போன் எண் சூப்பர்வைசருடையது. ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும்.

ஈ.எஸ்.ஐ. என்பது யாரோ போட்ட பிச்சை இல்லை. அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943இல் பி.பி. அதார்க்கர் நியமிக்கப்பட்டு 1944இல் தொழிலாளர் நலக் காப்பீட்டு அறிக்கை கொடுத்தார். அதிலிருந்து 1948இல் வந்த சட்டம் அது. இன்றைக்கு மாதம் 21,000 ரூபாய்வரை கூலி வாங்குகிறவர் உள்ளே வருவார். தொழிலாளியிடம் முக்கால் சதவீதம், முதலாளியிடம் மூன்றேகால் சதவீதம். நோய் என்றால் வருஷத்தில் 91 நாள்வரை கூலியில் 70 சதவீதம். காசநோய் மாதிரி நீண்டகால நோய்ப் பட்டியலில் இருந்தால், இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்து உரிய நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், 80 சதவீதத்தில் இரண்டு வருஷம்வரைகூட நீளும். வேலையில் விபத்து என்றால் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை. அக்காவுக்கு இது அத்தனையும் இருந்தது. நம்பர் தெரியாததால் ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் போகவே இல்லை, அங்கே சான்று வாங்கவும் இல்லை. கூலி போய்விடுமே என்று இருபதாம் நாளே துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டார். ஏஜென்சி ஒரு துண்டுச் சீட்டில் ஒரு எண்ணை எழுதிக் கொடுத்திருந்தால் போதும். எல்லாம் சரிசெய்து பணம் வரும்போது மருந்தே முடிந்துவிட்டது, அதுவும் கொஞ்சந்தான் வந்தது.

கவனியுங்கள். ஊருக்கே தெரிந்தது எது? அவருடைய நோய். அவருக்குத் தெரியாதது எது? அவருடைய உரிமை. இரண்டும் காகிதம்தான். மூடவேண்டியது திறந்து கிடந்தது, திறந்து கொடுக்கவேண்டியது பூட்டிக் கிடந்தது.

பூட்டிக் கிடந்த கதை ஒன்று பெரிதாக நடந்திருக்கிறது, தூரத்தில் இல்லை. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் நாலு மணி நேரம், கொடைக்கானல். அங்கே 1983வாக்கில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவில் மூடிக்கொண்டு இங்கே கொண்டுவந்து வைத்தது பாண்ட்ஸ் நிறுவனம். பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாதரசம் அடைத்து ஏற்றுமதி. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான்கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாக இருந்ததை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் இயக்கத்தாரும் அம்பலப்படுத்தினார்கள், ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. கழிவு போய்விட்டது. வேலைபார்த்தவன் உடம்பில் ஏறியது?

அங்கேதான் கோப்பு வருகிறது. உள்ளே தொழிலாளிகளுக்கு மருத்துவக் கண்காணிப்பு இருந்தது, சிறுநீர்ப் பரிசோதனை இருந்தது, பாதரசத்தால் யாருக்கும் பாதிப்பு இல்லை என்று அந்தப் பதிவுகள் காட்டுகின்றன என்றது நிறுவனம். எங்கள் உடம்பிலிருந்து எடுத்த அந்தக் கணக்கு எங்கள் கையில் இல்லையே என்றார்கள் தொழிலாளிகள். மூச்சுத் திணறல், கை நடுக்கம், சிறுநீரகக் கோளாறு என்று அவர்கள் சொன்னதெல்லாம் வாய்வார்த்தை ஆகிவிட்டது, நிறுவனம் காட்டியது 'ரெக்கார்டு' ஆகிவிட்டது. 2006இல் முன்னாள் தொழிலாளிகள் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். ஒரு நிபுணர் குழு நோய்க்கும் பாதரசத்துக்கும் தொடர்பு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2011இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் ஆய்வு அதற்கு மாறாகச் சொன்னது. கடைசியில் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளிகளோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது, தன் மேல் தவறு என்று ஒத்துக்கொள்ளாமலே. ஆலை மூடிப் பதினைந்து வருஷம்.

இத்தனைக்கும் சட்டம் இருந்தது. போபாலில் 1984இல் ஆயிரக்கணக்கில் செத்தபிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-சி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஆபத்தான வேலை நடக்கும் ஆலையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் சரியான, அன்றன்றைக்கு எழுதிய உடல்நலப் பதிவு வைத்திருக்கவேண்டும். அந்தப் பதிவு தொழிலாளி பார்க்கக் கிடைக்கவேண்டும். வேலைக்குப் போடும் முன் ஒரு பரிசோதனை, பிறகு பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது பரிசோதனை. பாதரச நோய் அரசுக்குத் தெரிவிக்கப்படவேண்டிய நோய்ப் பட்டியலில் இருந்தது. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறை என்று அறிவித்தார்கள். நான்கு தொகுப்புகளையும் பற்றி எனக்கு வேறு சண்டைகள் உண்டு, அது இன்றைக்கு வேண்டாம். ஆபத்தான தொழிலில் உடல்நலப் பதிவு தொழிலாளிக்குக் கிடைக்கவேண்டும் என்பது அதிலும் இருக்கிறது. நாம் எத்தனை பேர் போய்க் கேட்டிருக்கிறோம்? கேட்டால், "அது கான்ஃபிடென்ஷியல்ப்பா" என்று சொல்லி அனுப்புவார்கள். உன் ரத்தம், உன் எக்ஸ்ரே, உன்னிடமிருந்தே ரகசியம்.

ரகசியம் என்ற சொல்லை யார் கண்டாலும் முதலில் ஒரு கேள்வி கேட்கவேண்டும். யாரிடமிருந்து?

நமது சிறுபத்திரிகைகளில் ஒரு காலத்தில் ஃபூக்கோ பெயர் இல்லாமல் இதழே அச்சேறாது. மருத்துவமனை, சிறை, கண்காணிப்பு, உடல் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். எழுதியவர்களில் எத்தனை பேர் பக்கத்து மாநகராட்சி வார்டு ஆபீஸில் போய் நம் ஆட்களின் பதிவேட்டைப் பார்த்திருப்போம் என்று இப்போது யோசிக்கிறேன். என்னையும் சேர்த்துத்தான்.

பெண்கள் விஷயத்தில் இந்த வேவு இன்னும் மோசம். எல்.ஐ.சி.யில் 1989இல் நீரா மாத்தூர் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தார். உடல்நிலை பற்றி நிரப்பச் சொன்ன படிவத்தில் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, எத்தனை முறை கருத்தரித்தீர்கள் என்றெல்லாம் கட்டம் போட்டிருந்தார்கள். பிரசவ விடுப்பு எடுத்தார். உண்மையை மறைத்தார் என்று வேலையை விட்டு எடுத்தார்கள். 1991இல் உச்சநீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தக் கட்டங்கள் வெட்கக்கேடானவை, எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னது. ஆறு வருஷம் கழித்து, 1997இல், பம்பாய் உயர்நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் தினக்கூலித் தொழிலாளி. ரத்தப் பரிசோதனையில் ஹெச்.ஐ.வி. என்று வந்ததும் வேலை போனது. வேலை செய்யத் தெம்பு இருக்கிறவரை, மற்றவர்களுக்கு ஆபத்து இல்லாதவரை, நோய்க்காக மட்டும் நீக்கமுடியாது என்றது நீதிமன்றம். அந்த மனிதர் பேர் தீர்ப்பில் இல்லை. எம்எக்ஸ் என்று இரண்டு எழுத்து, நிறுவனமும் இரண்டு எழுத்து, இசட்ஒய். வழக்குப் போட்டான், ஜெயித்தான், ஆனால் இன்றுவரை அவன் யாரென்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. அந்த இரண்டு எழுத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் வருகைப் பதிவேடு நினைவுக்கு வரும்.

இந்த இடத்தில் போன வாரம் ஒரு தம்பி, சட்டக் கல்லூரி மாணவர், என்னை மடக்கினார். "அண்ணே, நோயை மறைக்கச் சொல்றீங்க. சாதியை மறைக்காதே, தலைநிமிர்ந்து சொல்லுன்னுதான இயக்கம் சொல்லுது? மறைக்கிறதுன்னாலே வெக்கப்படுறதுதான?" நல்ல கேள்வி. இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். என் பணிக் கோப்பில் சாதிச் சான்று நகல் இருக்கிறது. இருக்கவேண்டும். இனச் சுழற்சிப் பதிவேடு அதை வைத்துத்தான் நடக்கிறது, அது என் உரிமைக்கான காகிதம். நான் மேடையில் நின்று நான் இன்னார் என்று சொல்கிறேன், அது என் வாய், என் நேரம், என் அரசியல். ஆனால் நான் ஒரு கிளையில் சேருவதற்கு முந்தின நாளே ஒருவர் அந்தக் கோப்பைப் பிரித்துப் பார்த்து, என் பேருக்கு நேரே பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு வைத்திருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வட்டம் மட்டும் இருந்தது. சாப்பாட்டு மேசையில் எனக்கு எந்தப் பக்கம் இடம் என்பதை அந்த வட்டம் முடிவுசெய்துவிட்டது. நானே சொல்வதும் இன்னொருவன் பிரித்துப் படிப்பதும் ஒன்றில்லை தம்பி. அக்கா நாளைக்கே எழுந்து, எனக்கு டிபி வந்தது, மருந்து சாப்பிட்டேன், குணமாயிட்டேன், எவன்டா எனக்குத் தனி கப்பு வச்சது என்று கேட்டால் நான்தான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். கேட்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவுசெய்யட்டும்.

நம் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படவேண்டாம். இயக்கத்தில் நாம் எத்தனை சர்வே எடுத்திருக்கிறோம்! குடியிருப்புக்குப் போய் வீடு வீடாகப் படிவம் நிரப்பி, குடிப்பழக்கம் உண்டா, என்ன நோய், கருச்சிதைவு ஆனதா, கடன் எவ்வளவு என்று எழுதி வாங்கி வந்து அந்தப் படிவங்களை என்ன செய்தோம்? ஒரு தோழர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன, சிலது வடை மடிக்கப் போயிருக்கும். உடம்பெல்லாம் புண்ணோடு நிற்கிற தொழிலாளியின் முகத்தை அவரிடம் கேட்காமல் அட்டைப்படம் போட்டிருக்கிறோம். எல்.ஐ.சி. படிவத்தைத் திட்டிய அதே வாயால் இதையும் கேட்கவேண்டும்.

சரி, மறைப்பு என்று ஒரேயடியாகச் சொன்னால் அதில் காண்ட்ராக்டர் வந்து ஒளிந்துகொள்வான். அதையும் பார்க்கவேண்டும். 2022 ஏப்ரலில் இதே மதுரையில், பழங்காநத்தம் நேரு நகர் கழிவுநீர் உந்து நிலையத்தில் மூன்று பேர் விஷவாயுவில் செத்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளிகள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தாகிவிட்டது. 2014 மார்ச்சில் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில், 1993 முதல் சாக்கடையிலும் தொட்டியிலும் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடு என்றது உச்சநீதிமன்றம். 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. நிரந்தர ஊனம் என்றால் குறைந்தது இருபது லட்சம். தொகை பெரிசுதான். ஆனால் செத்தவன் யாரிடம் வேலைபார்த்தான் என்று ஒரு காகிதம் வேண்டுமே? மஸ்டர் ரோலில் பேர் இல்லை, இருந்தாலும் கருப்பன் என்றிருக்கும், ஆதாரில் கருப்பையா என்றிருக்கும். பி.எஃப். நாமினேஷனில் கல்யாணத்துக்கு முன்னால் போட்ட அம்மா பேர் அப்படியே கிடக்கும். பொண்டாட்டி வாரிசுச் சான்றுக்கு அலைவாள்.

இதையெல்லாம் முன்கூட்டியே பிடிக்க ஒரு வழி இருந்தது, தகவல் உரிமைச் சட்டம். இந்த ஒப்பந்தக்காரர் எத்தனை பேருக்கு பி.எஃப். கட்டினார், பட்டியல் கொடு என்று மனு போடலாம். 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள், நாமெல்லாம் சந்தோஷப்பட்டோம், சரிதான். ஆனால் 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போகிறபோக்கில் தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் கைவைத்தது. தனிநபர் தகவலை மறுக்கலாம் என்ற உட்பிரிவில் முன்பு பொதுநலன் இருந்தால் கொடுக்கவேண்டும் என்று ஒரு கதவு இருந்தது. அந்த உட்பிரிவிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பிரிவின் வேறு இடத்தில் பொதுநலன் இன்னும் மிச்சம் இருக்கிறது, அதைப் பிடித்து வாதாடவேண்டும். தொழிலாளியின் அந்தரங்கம் என்ற பேரில் காண்ட்ராக்டரின் திருட்டு மறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இனி நம் வேலை. மனு எழுதும்போது நோய் கேட்காதீர்கள், பேர்கூட வேண்டாம். எத்தனை ஆள், எந்த மாதம், எவ்வளவு பணம் என்று கேளுங்கள். திருட்டு அந்த எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.

இங்கே ஆபீஸில் வேலைபார்க்கிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குக் குமாஸ்தா என்ற முறையில் சில வார்த்தை. மருத்துவக் காகிதத்தைப் பணிக் கோப்போடு ஒரே நாடாவில் கட்டாதீர்கள். பதவி உயர்வுக்கு, மாறுதலுக்கு, தணிக்கைக்கு என்று பணிக் கோப்பு பத்துக் கை மாறும். நோய் அதோடு பயணம் போகக்கூடாது. தனி உறை, மேலே பேரும் எண்ணும் மட்டும், தனி இழுப்பறை, ஒரே ஒருவரிடம் சாவி. உறையின் முதுகில் ஒரு தாள் ஒட்டுங்கள்: யார், எந்தத் தேதியில், எதற்காகப் பிரித்தார். இது ஒன்று போதும், வேடிக்கை பார்க்கிறவன் வரமாட்டான். கையெழுத்துப் போட யாருக்கும் பிடிக்காது. மேலதிகாரிக்கு வேலைக்குத் தகுதியா இல்லையா, எத்தனை நாள் ஓய்வு என்பது தெரிந்தால் போதும், நோயின் பேர் எதற்கு? ஹெச்.ஐ.வி. விஷயத்தில் இது வெறும் நாகரிகம் இல்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தப் பதிவு வைத்திருக்கிற ஒவ்வொரு நிறுவனமும் அதைப் பாதுகாக்கக் கடமைப்பட்டது. வாட்ஸ்அப் குழுவில் யாருடைய மருத்துவக் காகிதத்தையும் போடாதீர்கள், மேனேஜரே போடச் சொன்னாலும் போடாதீர்கள். ஆள் வேலையை விட்டுப் போகும்போது நகல் கேட்டால் கொடுங்கள், கேட்காவிட்டாலும் கொடுங்கள்.

அக்கா, அண்ணே, உங்களுக்கு. என் அம்மா அப்பாவுடைய காகிதங்களை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு அடுப்படி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். அப்பா செத்து பென்ஷனுக்குப் போனபோது அதில் பாதியைக் கரையான் தின்றிருந்தது, மீதியில் கரி. அப்பாவின் வருஷாந்திர எக்ஸ்ரே ஒன்றுகூட வீட்டுக்கு வந்ததில்லை. எடுத்தவர்கள் வைத்துக்கொண்டார்கள், எங்கே என்று இன்றுவரை தெரியாது. அதனால் சொல்கிறேன். ஈ.எஸ்.ஐ. எண், பி.எஃப்.பின் யு.ஏ.என். எண், இரண்டையும் இன்றைக்கு ராத்திரியே ஒரு நோட்டில் எழுதுங்கள். தெரியாது என்றால் நாளைக்குச் சூப்பர்வைசரிடம் கேளுங்கள், தனியாக வேண்டாம், பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள். அதில் இருக்கிற செல் நம்பர் உங்களுடையதா, உங்கள் பிள்ளையுடையதா என்று பாருங்கள். காண்ட்ராக்டர் நம்பர் என்றால் உங்கள் பீரோ சாவி அவன் இடுப்பில் இருக்கிறது என்று அர்த்தம். நாமினியாக யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள். இங்கே இருக்கிற கல்லூரித் தம்பி தங்கச்சிகள் அடுத்த ஞாயிறு இதே இடத்துக்கு வருவார்கள், செல்போனில் பார்த்துச் சொல்வார்கள். ஆனால் தம்பிகளா, பார்த்ததைப் படம் எடுக்கக்கூடாது. எண்ணை உங்கள் நோட்டில் எழுதக்கூடாது, அவர்கள் நோட்டில் எழுதிக் கொடுக்கவேண்டும்.

இந்தக் கூட்டத்தில் பேசட்டுமா என்று அக்காவிடம் கேட்கப் போனேன் என்று சொன்னேன் இல்லையா? பேசிக்கங்க தம்பி என்றார். பிறகு கேட்டார்: "அந்தக் காயிதம் இன்னும் ஆபீஸ்லதான் கெடக்கா?" எனக்குச் சுருக்கென்றது. அதை நான் மறந்தே போயிருந்தேன். மறுநாள் ரெக்கார்டு ரூமில் பழைய வருகைப் பதிவேடுகளை இழுத்துத் தேடினேன். அதே மாதத்தில், அதே பக்கத்தில் இருந்தது. கிளிப் துருப்பிடித்துத் தாளில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. அது அங்கே இருக்கவேண்டிய காகிதமே இல்லை, எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கி நாலாக மடித்து முந்தியில் முடிந்துகொண்டார். ஒரு நகல் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தவன் சொல்லாமல் வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துச் சொல்லப் போனபோது, "அத அன்னைக்கே அடுப்புல வச்சிட்டேன் தம்பி" என்றார்.